நங்கநல்லூரிலிருந்து டெல்லிக்கு ஏழு டிக்கெட்: வாங்கிய பிறகு விலைக்கு என்ன ஆனது?

2023 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. பழவந்தாங்கல் ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் என் டிக்கெட் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. “அண்ணா, நேத்து டெல்லிக்கு ஆளுக்கு 7,940 போட்டீங்க இல்ல? அதே ஃப்ளைட் இப்ப என் போன்ல 6,870 காட்டுது. ஒரே நாள்ல ஆயிரம் ரூபாய் குறைஞ்சிடுமா?”

பேசியது, முந்தின நாள் டிக்கெட் வாங்கிப்போன பெரியவரின் மகள். நான் அப்போது வேறொரு குடும்பத்தின் விசா படிவத்தில் மூழ்கியிருந்தேன். “விலை ஏறும், இறங்கும்மா. அதையே பாத்துட்டு இருந்தா நிம்மதி போயிடும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் சொல்லும் பதில் அது இல்லை. அந்த ஒரு போனில் இரண்டு விஷயங்கள் இருந்தன, இரண்டையும் தவறவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த ஏழு டிக்கெட்டின் விலையைப் பயண நாள் வரை நோட்டில் குறித்துவந்தேன். இந்த ஆய்வு அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது. குடும்பத்தின் பெயரும் விமான நிறுவனங்களின் பெயரும் இதில் வேண்டியதில்லை.

பயணம் இதுதான். பெரியவரின் தம்பி மகனுக்கு ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, டெல்லி ஆர்.கே.புரத்தில் கல்யாணம். பெரியவர், அவர் மனைவி, மகள், எட்டு வயதுப் பேத்தி, மகன், மருமகள், மருமகளின் தம்பி என்று ஏழு பேர். ஜனவரி 26 காலை போய் 29 மாலை திரும்ப வேண்டும். அந்த வருடம் ஜனவரி 25 வியாழன் தைப்பூசம், 26 குடியரசு தினம், அடுத்து சனி, ஞாயிறு. நான்கு நாள் தொடர் விடுமுறை என்பதால் விலை கூடுதலாகத்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். “கல்யாணம் நம்ம கைல இல்லியே தம்பி” என்றார். டிசம்பர் 14 மாலை 6.40க்கு, பயணத்துக்கு 43 நாள் முன்பு, ஏழு பேருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் போட்டேன். போக ஆளுக்கு 7,940 ரூபாய், மொத்தம் 55,580. திரும்ப ஆளுக்கு 7,120.

குறையாத விலை குறைந்ததாகத் தெரிந்தது ஏன்?

அன்றிரவு எட்டு மணிக்கு வேலை ஓய்ந்த பிறகு திரையைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி, 6,870 இருந்தது. ஆனால் விலை குறையவில்லை. முந்தின நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

ஒரு விமானத்தின் எகானமி இருக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் ஒரே சரக்காக விற்பதில்லை. அவற்றைப் பல விலை வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து கொடுப்பார்கள். முகவர் திரையில் ‘கே 3, எம் 9’ என்கிற மாதிரி தெரியும். கே வகுப்பில் மூன்று இருக்கை பாக்கி, எம் வகுப்பில் ஒன்பதோ அதற்கு மேலோ என்று பொருள். ஒன்பதுக்கு மேல் திரை எண்ணிக்கை காட்டாது. இப்போது ஒரே தேடலில் ஏழு பேர் கேட்டால் என்ன ஆகும்? மூன்று பேருக்கு மலிவாகவும் நாலு பேருக்கு விலை கூட்டியும் அது தராது. ஏழு இருக்கையும் சேர்ந்து கிடைக்கும் வகுப்புக்குப் போய், ஏழு பேருக்கும் அந்த மேல் விலையையே போடும். எங்கள் விமானத்தில் 6,870க்கு மூன்று பேரைத் தனியாகவும் 7,940க்கு நாலு பேரைத் தனியாகவும் போட்டிருந்தால் 20,610 கூட்டல் 31,760, மொத்தம் 52,370. போகும் வழியில் மட்டும் 3,210 ரூபாயை அந்தக் குடும்பம் காரணமில்லாமல் கூடுதலாகக் கட்டியிருக்கிறது.

அவர்கள் போனில் பார்த்தது ஒரு ஆளுக்கான தேடல். அதனால்தான் ‘குறைந்துவிட்டது’ என்று தோன்றியது. டிக்கெட் வாங்கிய பிறகு விலை இறங்கிவிட்டதாக வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகைதான் என்பது என் அனுபவம். வாங்கியது ஐந்து பேருக்கு, பிறகு பார்ப்பது ஒருவருக்கு. அல்லது வாங்கியது 15 கிலோ பெட்டியோடு, பார்ப்பது கைப்பை மட்டும் உள்ள விலை. ஒப்பிடும் தளங்கள் சில சமயம் பழைய விலையையே காட்டிக்கொண்டிருக்கும், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால்தான் உண்மை தெரியும். ‘நான் அடிக்கடி தேடுவதைப் பார்த்து விலையை ஏத்திட்டான்’ என்று எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நிகழ்வில் மூன்று போன்களில் ஒரே நேரத்தில் தேடிப் பார்த்தேன். ஆள் எண்ணிக்கையும் பெட்டி எடையும் ஒன்றாக இருந்தபோது கட்டணமும் ஒன்றாகவே இருந்தது. தளத்தின் சேவைக் கட்டணத்தில் மட்டும்தான் வித்தியாசம்.

தவறவிட்ட இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அப்போதைய விதிப்படி, டிக்கெட் வாங்கிய 24 மணி நேரத்துக்குள் கட்டணம் எதுவும் இல்லாமல் ரத்து செய்யலாம், மாற்றலாம். பயண நாள் குறைந்தது ஏழு நாள் தள்ளி இருந்தால் போதும். எங்களுக்கோ 43 நாள் இருந்தது. அந்தப் பெண் போன் செய்தபோது இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் பாக்கி. நான் திரையைத் திறந்தபோது கெடு முடிந்து ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

நோட்டில் எழுதியது

அடுத்த வாரங்களில் அதே விமானத்தில் ஒரு ஆளுக்கான விலை இப்படிப் போனது. டிசம்பர் 22இல் 8,650. ஜனவரி 2இல் 9,420. அந்த இரண்டு தேதியிலும் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. விலை ஏறியபோது வாங்கியவருக்கு லாபம்தான், ஆனால் அதை யாரும் லாபமாக உணர்வதில்லை.

ஜனவரி 9, செவ்வாய் காலை, 6,390.

ஒரே இரவில் மூவாயிரம் இறக்கம். திரையில் முந்தின நாள் பூஜ்யமாக இருந்த மலிவு வகுப்பில் இப்போது 9 என்று இருந்தது. இரண்டு, மூன்று பேர் ரத்து செய்ததால் இப்படி ஆகாது. தொடர் விடுமுறைக்கு டெல்லி, ஆக்ரா சுற்றுலா போடுகிறவர்கள் மாதக்கணக்கு முன்பே இருபது, முப்பது இருக்கைகளைக் குரூப்பாகப் பிடித்துவைப்பார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் மீதிப் பணமும் நேம் லிஸ்ட்டும் கொடுக்க வேண்டும். ஆள் சேரவில்லையென்றால் இருக்கைகளை மொத்தமாகத் திருப்பிவிடுவார்கள். அவை ஒரே சமயத்தில் விற்பனைக்கு வரும். பயணத்துக்கு 17 நாள் முன்பு இது நடந்தது. குரூப் வேலை செய்து பழக்கப்பட்டவன் என்பதால் அந்தத் தேதியும் எண்ணிக்கையும் எனக்கு வேறு காரணத்தைக் காட்டவில்லை.

இருக்கை திரும்பி வந்தது சரி, அதை ஏன் 9,420க்கே விற்கவில்லை? இதற்குள் இருக்கும் கணக்கு அரை நூற்றாண்டு பழையது. 1972இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் வேலை செய்த கென் லிட்டில்வுட் அதை எளிமையாகச் சொன்னார். மலிவு விலைக்கு இப்போது ஒருவர் இருக்கையைக் கேட்கிறார். அதே இருக்கையைப் பிறகு மேல் விலைக்கு விற்க வாய்ப்பு எவ்வளவு? மேல் விலையை அந்த வாய்ப்பால் பெருக்கு. வருவது மலிவு விலையைவிடக் கூடுதல் என்றால் காத்திரு, குறைவு என்றால் இப்போதே விற்றுவிடு.

எங்கள் விமானத்துக்கே போட்டுப் பார்க்கலாம். 9,420க்கு ஆள் வர நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், அந்த இருக்கையின் எதிர்பார்ப்பு மதிப்பு சுமார் 6,594. அது 6,390ஐவிட அதிகம், ஆகவே மலிவு வகுப்பு மூடியிருக்கும். முப்பது இருக்கை திடீரென்று திரும்பி வந்தால், கடைசி இருக்கை வரை மேல் விலைக்குப் போகும் வாய்ப்பு சரியும். அறுபதாக இறங்கினாலே மதிப்பு 5,652. உடனே 6,390 கதவு திறந்துவிடும். எழுபதும் அறுபதும் விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள். நிறுவனத்தின் உள்கணக்கு இன்னும் நுணுக்கமானது, ஆனால் வழி இதுதான். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றி 1985இல் குறைந்த விலைப் போட்டியாளரான பீப்பிள் எக்ஸ்பிரஸுக்கு எதிராகப் பயன்படுத்தியது. நம் நாட்டில் விமானச் சேவையை அரசு நிறுவனங்களுக்கே ஒதுக்கியிருந்த ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் 1994இல் நீக்கப்பட்டதோடு தனியாருக்கு வழி திறந்தது. கொரோனா காலத்தில் 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை அரசே உச்ச வரம்பு போட்டிருந்தது போன்ற காலங்களை விட்டால், என் பதினெட்டு வருடமும் விலையை நிறுவனங்களே முடிவு செய்த காலம்தான்.

ரயிலோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சதாப்தி, ராஜதானி ரயில்களில் 2016 செப்டம்பரில் வந்த ஃப்ளெக்ஸி கட்டண முறையில், பத்து சதவீத இருக்கை விற்கும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் கூடும், ஓர் உச்ச வரம்பில் நிற்கும். படி ஏறுவது போல ஒரே திசை. விமான விலைக்கு இறங்கு படியும் உண்டு. அதனால்தான் வாங்கியவருக்கு மனவேதனை வருகிறது. தேவை குறைந்தால் மட்டுமல்ல, இருக்கைகள் கூடினாலும் இறங்கும். 2025 மகா கும்பமேளாவுக்கு பிரயாக்ராஜ் கட்டணம் எகிறியபோது, ஜனவரியில் 81 கூடுதல் விமானங்களுக்கு டி.ஜி.சி.ஏ. அனுமதி கொடுத்தது. கூடுதல் விமானம் அறிவித்தால் அதில் மலிவு வகுப்புகள் மறுபடி முதலிலிருந்து திறக்கும், முன்பே பயந்து வாங்கியவருக்கு அதில் பங்கு கிடையாது.

1,550 ரூபாய் குறைந்தும் ஏன் கைக்கு வரவில்லை?

ஜனவரி 9 அன்று பெரியவரே நேரில் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காகிதம் கேட்டு வாங்கி அவரே எழுதினார். 7,940 கழித்தல் 6,390, ஆளுக்கு 1,550. ஏழு பேருக்கு 10,850. “இதை வாங்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி.”

முடியாது. அந்த டிக்கெட்டில் ரத்துக் கட்டணம் ஆளுக்கு 3,500. ஏழு பேருக்கு 24,500. ரத்து செய்து மறுபடி வாங்கினால் 13,650 நஷ்டம். ரத்து செய்யாமல் அதே விமானத்தில் வகுப்பை மாற்றலாமா என்றால், மாற்றுக் கட்டணம் 3,000. போதாததற்கு, புதிய விலை குறைவாக இருந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தராத டிக்கெட் அது. கூடினால் நாம் கட்ட வேண்டும், குறைந்தால் அவர்கள் தரமாட்டார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை என்று அவரிடமே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கு வேறு வழி உண்டாகியிருக்கிறது. டிக்கெட் வாங்கிய பிறகு விலை இறங்கினால் தகவல் சொல்லும் யாப்டா என்ற சேவை 2007இல் சியாட்டிலில் வந்தது. 2020இல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் மிக மலிவான ‘பேசிக் எகானமி’ தவிர்த்த பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு மாற்றுக் கட்டணத்தை நீக்கின. அதனால் அங்கே பலர் அதே விமானத்துக்கு மறுபடி விலை போட்டு, வித்தியாசத்தை அடுத்த பயணத்துக்கான வரவாக வாங்கிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மகன் இருக்கும் நம் ஊர்ப் பெற்றோர், ‘பையன் திரும்ப வாங்கிட்டானாமே’ என்று என்னிடம் கேட்பது இதைத்தான். இங்கே உள்நாட்டு டிக்கெட்டில் ரத்துக் கட்டணமே விலையில் பாதிக்கு நெருங்கி வருகிறது. விலை பாதியாக இறங்கினாலொழிய கணக்கு நமக்குச் சாதகமாகாது.

ஒன்று மட்டும் விடாமல் கேட்டு வாங்க வேண்டும். ரத்துக் கட்டணம் எந்த டிக்கெட்டிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது என்பது டி.ஜி.சி.ஏ. விதி. அரசு வரி, விமான நிலையப் பயனாளர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் போன்றவை சலுகை டிக்கெட்டானாலும், விமானத்துக்கே போகாமல் விட்டாலும் திரும்ப வர வேண்டும். ‘இந்த டிக்கெட்டுக்கு ரீஃபண்டே இல்லையாம்’ என்று சொல்லி விட்டுவிடுகிறவர்கள் சென்னையில் எத்தனையோ பேர். பாதுகாப்புக் கட்டணம் மட்டுமே உள்நாட்டில் ஆளுக்கு 200 ரூபாய். முகவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. விண்ணப்பித்து, காத்திருந்து, பிரித்துக் கொடுக்கும் வேலைக்குச் சோம்பல். அது நம் பணம் இல்லை, வாடிக்கையாளர் பணம்.

பெரியவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “சரி, வர்றது வரட்டும்” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொங்கல் முடிந்து கடை திறந்த காலை

ஜனவரி 18, வியாழன். மூன்று நாள் பொங்கல் விடுப்புக்குப் பிறகு மெயிலைத் திறந்தால், விமான நிறுவனத்திடமிருந்து நேர மாற்ற அறிவிப்பு. காலை 7.50க்குக் கிளம்பி 10.45க்கு டெல்லி சேர வேண்டிய விமானம், 10.30க்குக் கிளம்பி 1.25க்குச் சேரும். காரணம் அணிவகுப்பு. குடியரசு தினத்தையொட்டி ஜனவரி 19 முதல் 26 வரை காலை 10.20இலிருந்து 12.45 வரை டெல்லி விமான நிலையத்தில் விமானம் இறங்கவோ ஏறவோ அனுமதி இல்லை. எங்கள் விமானம் சரியாக அந்த நேரத்துக்குள் இறங்க இருந்தது. 26ஆம் தேதி காலை டெல்லி டிக்கெட் போடும்போது இதை நான் நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சங்கடத்திலேயே வழியும் இருந்தது. நேரத்தை மாற்றியது நிறுவனம். இந்த அளவுக்கு மாற்றினால் கட்டணமில்லாமல் வேறு விமானத்துக்கு மாறலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கலாம் என்று அந்த மெயிலிலேயே எழுதியிருந்தது. அவசரத்தில் ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தியிருந்தால் அந்த உரிமை அத்தோடு போயிருக்கும். டிக்கெட் வாங்கிய பிறகு விலை இறங்கியதன் பலன் சாதாரணப் பயணிக்குக் கிடைக்க நம் நாட்டில் இருக்கும் உருப்படியான கதவு இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் நிறுவனத்தின் அறிவிப்பு பயணிக்கும் நேராக வர, டிக்கெட் போடும்போது முகவரின் எண்ணோடு பயணியின் சொந்த எண்ணையும் கொடுக்க வேண்டும். பல முகவர்கள் தங்கள் எண்ணை மட்டும் போடுகிறார்கள்.

ரத்து செய்யும் முன் மாற்று விமானம் தேடினேன். இன்னொரு நிறுவனத்தில் காலை 5.30க்குக் கிளம்பி 8.25க்குச் சேரும் விமானம். இந்த முறை ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று ஆள் என்று தனித்தனியாகத் தேடினேன். 6,480 வகுப்பில் நாலு இருக்கை, அதற்கு மேல் 6,960. நாலு பேருக்கு 25,920, மூன்று பேருக்கு 20,880, ஆக 46,800. முந்தைய டிக்கெட்டைவிட 8,780 குறைவு. பிரிப்பதில் ஆபத்தும் உண்டு. விமானம் ரத்தானால் ஒரு பி.என்.ஆரை ஒரு விமானத்திலும் மற்றதை வேறு விமானத்திலும் போட்டுவிடுவார்கள். அதனால் பெரியவர், அவர் மனைவி, மகள், பேத்தி நால்வரையும் ஒன்றில் வைத்தேன், இளைஞர்கள் மூவரை மற்றதில்.

அதிகாலை விமானம், ஜனவரி டெல்லி, மூடுபனி. எனக்குப் பயம் இருந்தது, அதைச் சொன்னேன். பெரியவர், “மீனம்பாக்கம் பக்கத்துலதானே இருக்கோம். மூணு மணிக்குக் கிளம்பினா போச்சு. காத்திருக்கணும்னா காத்திருக்கலாம்” என்றார். மகள்தான் கறாராகக் கேட்டாள். “பழைய பணம் எப்ப வரும்ணா?” முகவர் வழியாக வாங்கிய டிக்கெட்டிலும் பணம் திரும்புவதற்கு நிறுவனமே பொறுப்பு, 30 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதுவரை அவர்களைப் புதிதாக 46,800 கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கிலிருந்து போட்டேன், சேவைக் கட்டணம் வாங்கவில்லை.

26ஆம் தேதி மூடுபனியால் ஐம்பது நிமிடம் தாமதம். 9.15க்கு இறங்கினார்கள். திரும்பும் பயணத்தில் எழுத ஒன்றுமில்லை. 7,120க்கு வாங்கியது, கடைசி வாரத்தில் அதே இருக்கை 11,300.

முதல் டிக்கெட்டின் 55,580 ரூபாய் பிப்ரவரி 6 அன்று முழுதாக வந்தது. 46,800ஐ எடுத்துக்கொண்டு, 8,780ஐ ஒரு உறையிலும் 3,210ஐ இன்னொன்றிலும் போட்டு, மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது உறை எதற்கு என்று பெரியவர் கேட்டார். டிசம்பர் 14 அன்று ஏழு பேரையும் சேர்த்துப் போட்டதில் நான் கூடுதலாக வாங்கவைத்த பணம் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்த டிக்கெட்டோட பணம்தான் முழுசா திரும்ப வந்துடுச்சே தம்பி. அப்புறம் அதுல எனக்கு என்ன நஷ்டம்?”

வாத்தியார் சொன்னது சரிதான். அப்போது மகள் உள்ளிருந்து போனோடு வந்தாள். டிசம்பர் 15 அன்று அவள் எடுத்துவைத்த படத்தில் திரும்பும் விமானமும் இருந்தது. ஒரு ஆளுக்கு 6,640. அன்றிரவு என் நோட்டில் எழுதியிருந்தது, அந்த வகுப்பில் ஐந்து இருக்கை. ஆளுக்கு 480, ஐந்து பேருக்கு 2,400. திரும்பும் டிக்கெட்டை யாரும் ரத்து செய்யவில்லை, அந்தப் பணம் திரும்பி வரவும் இல்லை.

இரண்டாவது உறையிலிருந்து 810 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியை அவள் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.